வண்ணார்பேட்டையில் முதல் துளை

நெல்லை எக்ஸ்பிரஸ் வாஞ்சி மணியாச்சியை விட்டுக் கிளம்பியபோது நன்றாக விடிந்துவிட்டது. கங்கைகொண்டான், தாழையூத்து தாண்டியதும் பெட்டியில் பாதிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்கள். ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடிக்காமல் நடந்தேன். சுலோசன முதலியார் பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும் என்பது என் ஆசை. 1843-ல் திறந்த பாலம். அதற்கு முன்பு திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் படகுத்துறையில் காத்துக் கிடப்பார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதற்கும் வழி இல்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தார். பதினொரு வளைவுகள். பக்கத்தில் புதிதாக இன்னொரு பாலம் வந்துவிட்டாலும் பழைய பாலத்தில் போக்குவரத்து குறையவில்லை. கீழே தாமிரபரணியில் துணி துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள்.

பாலத்தின் மறுமுனையில் வண்ணார்பேட்டை. மேம்பாலத்தைச் சுற்றியும் திருவனந்தபுரம் சாலையிலும் ஜவுளிக்கடையும் ஓட்டலும் ஸ்கேன் சென்டரும் ஆஸ்பத்திரியும் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. கொஞ்ச தூரத்தில், ஹைகிரவுண்டில், 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. அம்பாசமுத்திரத்திலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். கக்கத்தில் ஸ்கேன் கவர், கையில் தூக்குச்சட்டி, கூட ஒரு மதினியோ சித்தியோ. பித்தப்பைக் கல், குடல்வால், கர்ப்பப்பைக் கட்டி என்று எது கேட்டாலும், 'கேமரா ஆப்பரேசன் பண்ணிரலாம்னு சொல்லிட்டாவ' என்பதுதான் பதில்.

அந்தக் கேமரா உள்ளே போவதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்கத்தான் வந்தேன். வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டுச் செய்யும் அறுவையில் எல்லாமே திரையில் தெரியும். முதல் துளை மட்டும் தெரியாது. கேமரா போக வேண்டுமானால் வயிறு உப்ப வேண்டும், உப்ப வேண்டுமானால் உள்ளே வாயு போக வேண்டும், வாயு போக ஓர் ஊசி இறங்க வேண்டும். அந்த ஊசியைப் பல ஆபரேஷன்களில் கண்ணால் பார்க்காமல், கையின் உணர்வை நம்பித்தான் இறக்குகிறார்கள்.

நான் தேடிப் போன சர்ஜன் தன் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தியேட்டருக்குப் பின்னால் உள்ள அறையில், பச்சைத் துணியின் மேல் ஊசியை வைத்துக் காட்டினார். தியேட்டரில் எல்லாரும் வெரஸ் நீடில் என்கிறார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். நீளம் 12 அல்லது 15 சென்டிமீட்டர். வெளிக்குழலின் நுனி சாய்வாகச் சீவிய கூர். அதற்குள்ளே இன்னொரு மெல்லிய குழல்; அதன் நுனி உருண்டு மழுங்கியது, பக்கவாட்டில் வாயு வெளியேறச் சின்னக் கண். தலைப்பக்கம் ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு குழாய். 'விரலை வச்சு அமுக்கிப் பாருங்க' என்றார். அமுக்கினேன். மழுங்கிய நுனி உள்ளே போய் வெளிக்குழலின் கூர் முன்னால் வந்தது. விரலை எடுத்ததும் 'டிக்' என்று மழுங்கல் முன்னே பாய்ந்து கூரை மறைத்துவிட்டது. தசையுறை போலக் கெட்டியான இடத்தில் முட்டும்போது மழுங்கல் பின்வாங்கும், கூர் அறுக்கும். தடை விலகியதும் மழுங்கல் பாய்ந்து வரும், எதிரே குடல் இருந்தாலும் குத்தாமல் தள்ளும். தொப்புளருகே இறக்கினால் பெரும்பாலும் இரண்டு 'டிக்' கையில் தெரியும். ஒன்று தசையுறையைத் தாண்டும்போது, இன்னொன்று வயிற்றின் உட்சவ்வைத் தாண்டும்போது.

இந்த ஊசியைச் செய்தவர் வயிற்று சர்ஜன் அல்ல. யானோஷ் வெரெஷ் என்ற ஹங்கேரிய மருத்துவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பார்கள். நுரையீரலைக் குத்திவிடாமல் காற்றை ஏற்றத்தான் இந்த ஸ்பிரிங் ஊசி. 1930-களின் பிற்பாதியில் அதைப் பற்றி எழுதினார். டேவிட் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில் நம்மவர்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த காலமும் அதுதான். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, ஐசோனியாசிட் வந்தது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. நெஞ்சில் காற்று ஏற்றும் வேலை ஒழிந்தது. ஊசி மட்டும் வயிற்றுக்கு இடம் மாறிப் பிழைத்துக்கொண்டது. பாரிஸில் மகப்பேறு மருத்துவர் ரவுல் பால்மர் அதை வயிற்றுக்குள் வாயு ஏற்றப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் குர்ட் செம் 1980-ல் குடல்வாலையும் எரிக் மியூஹே 1985-ல் பித்தப்பையையும் துளை வழியே எடுத்துக் காட்டினார்கள். இந்தியாவில் 1990 மே 31 அன்று மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உட்வாடியா முதல் பித்தப்பையை இப்படி எடுத்தார். கோயம்புத்தூரில் சி. பழனிவேலு இந்த முறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார். அவரிடம் கற்றவர்கள் இன்று ஊர் ஊராக இருக்கிறார்கள். சுமார் தொண்ணூறு வருஷத்தில் கேமரா மாறியது, திரை மாறியது, ரோபோ வந்தது. ஊசியின் உள்ளமைப்பு அன்று இருந்ததுதான்.

தொப்புளுக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இரண்டாகப் பிரிந்து இரண்டு காலுக்கும் போகிறது. உடம்பில் சதை இருப்பவர்களுக்குத் தோலுக்கும் தமனிக்கும் நடுவே தாராளமாக இடம் உண்டு. மெலிந்தவர்களுக்கு அந்த இடைவெளி 2 சென்டிமீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கிவிடும். ஊசி 12 சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் அவர் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. நுழையும்போதே ரத்தக்குழாயோ குடலோ காயப்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது. ஆனால் துளைவழி அறுவையில் வரும் பெரிய சிக்கல்களில் ஏறக்குறைய பாதி இந்த முதல் துளையிலேயே வந்துவிடுகிறது. தமனி கிழிந்தால் கையில் இருப்பது சில நிமிஷங்கள். குடல் துளைத்தது அன்று தெரியாமல் போய், மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றுவலியுமாக நோயாளி திரும்பி வருவதும் உண்டு.

'ஊசி கூரா இருக்கதுனால ஆபத்துன்னு நெனைக்காங்க. மழுங்கின ஊசிதான் ஆபத்து' என்றார் டாக்டர். கூர் குறைந்தால் அதிகமாக அழுத்த வேண்டும். தடை திடீரென்று விடுபடும்போது அந்த அழுத்தம் முழுக்க ஊசியை முன்னால் தள்ளும். கைக்குச் செய்தி எட்டி, அது நிற்பதற்குள் சுமார் கால் நொடி ஓடிவிடும். அதற்குள் நுனி எங்கேயோ போய்விடும். ஸ்பிரிங் பாய்வதற்கும் முன்னால் கொஞ்சம் வெறும் இடம் வேண்டும். பழைய ஆபரேஷன் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வெறும் இடமே கிடையாது, மழுங்கல் வெளியே வராது. அப்படிப்பட்டவர்களுக்கு இடது விலாவின் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே, பால்மர் சொன்ன இடத்தில் இறக்குவார்கள். அதற்கு முன்னால் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்துவிட வேண்டும். வேறு சிலர் ஊசியையே தொடாமல், தொப்புளருகே சின்னதாகத் திறந்து, கண்ணால் பார்த்துக் குழலை வைப்பார்கள். சிகாகோவின் ஹாரித் ஹாசன் 1970-களின் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்த வழி அது. எது மேல் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் அதே அறையில் இளம் டாக்டர்கள் கூடினார்கள். மேலப்பாளையத்திலிருந்து வாங்கிவந்த ஆட்டின் வயிற்றுப்புறச் சுவர், தோலும் சதையும் சவ்வும் பிரியாமல், ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. கீழே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, கல்யாண மேடையில் பூ செருகுவதற்கு வைப்பார்களே, அந்தப் பச்சை ஃபோம் கட்டி. ஊசி தாண்டிப் போனால் ஃபோமில் பள்ளம் விழும். பள்ளத்தில் ஒரு ஈர்க்கை விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் வைத்துப் பார்த்தார்கள். ஃபோமின் எதிர்ப்பும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் இது ஆராய்ச்சி அல்ல, கை பழகுவதற்குத்தான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். முதலில் ஒரு பெண் டாக்டர். ஊசியைத் தலைப்பக்கம் பிடித்து இறக்கினார். 'டிக்' கேட்டது, கேட்டபோதே ஃபோமில் ஆழமாக இறங்கியிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. 'ஏம்மா, பைய. பிடியை மாத்து. நுனிக்கு மேல மூணு சென்டிமீட்டர் விட்டு விரலால பிடி. உள்ளங்கை அடிப்பக்கம் வயித்து மேல ஊனி இருக்கணும். கை போகப்படாது, விரல் மட்டும் போகணும்' என்றார் டாக்டர். இரண்டாவது முறை பள்ளம் பாதியாகக் குறைந்தது. பிறகு அதே கைக்கு, பல வருஷம் ஓடிய ஒரு பழைய ஊசியைக் கொடுத்தார். பிடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோலிலேயே திணறியது. அழுத்தி அழுத்தி, சடாரென்று உள்ளே போய்விட்டது. ஈர்க்கை விட்டுப் பார்க்க யாரும் அவசரப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இதையே நுட்பமாகச் செய்கிறார்கள். விசையை அளக்கும் சென்சார், நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும் கேமரா, பன்றி வயிற்றுச் சுவர், அடுக்கடுக்காக வார்த்த சிலிக்கான் என்று வைத்து, ஊசி தாண்டிப்போகும் தூரத்தை அளக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2021-ல் வெளியிட்ட வடிவம் என்னை மிகவும் ஈர்த்தது. நுனி உள்ளே புகுந்த கணத்தில் பிடியையும் ஊசியையும் பிரித்துவிடும் அமைப்பு. கை தள்ளிக்கொண்டே இருந்தாலும் அந்தத் தள்ளல் ஊசிக்குப் போய்ச் சேராது. மனிதக் கை தாமதமாகத்தான் நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தாமதத்தைக் கருவியே தாங்கட்டும் என்று யோசித்திருக்கிறார்கள். ஊசிக்குள்ளேயே மெல்லிய கேமரா இழையை வைத்து, இறங்கும்போதே ஒவ்வொரு படலமாகப் பார்க்கும் வடிவங்களும் உண்டு.

இவற்றில் எது உயிரைக் காக்கும் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. டாக்டரின் மேஜையில் இருந்த கால்குலேட்டரில் நானே போட்டுப் பார்த்தேன். ஆயிரத்துக்கு ஒன்று என்ற காயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று வழக்கமான புள்ளியியல் நம்பகத்தோடு காட்ட வேண்டுமானால், பழைய ஊசிக்கு சுமார் 47,000 பேர், புதிய ஊசிக்கு அதே அளவு பேர் என்று ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் வேண்டும். எந்த ஆஸ்பத்திரியாலும் தனியாக முடியாது. அதனால்தான் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் ஒரு முறையைவிட இன்னொரு முறை பாதுகாப்பானது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆட்டுச் சுவரும் பன்றிச் சுவரும் சிலிக்கானும் தருகிற அளவுகளுக்கு மதிப்பு வருவது இங்கேதான். காயம் அரிது, தாண்டிப்போகும் தூரம் ஒவ்வொரு குத்திலும் அளக்கக் கிடைக்கிறது. அதே சமயம், மேஜையில் ஜெயித்தது நோயாளியிடமும் ஜெயிக்கும் என்று விற்பவர்கள் சொல்லிவிடக் கூடாது. ஊசிக்குப் பின்னால் இறங்கும் ட்ரோக்கார் குழல்களில் கூரை மறைக்கும் கவசம் வைத்து, 'பாதுகாப்பு' என்று பெயர் போட்டு விற்றார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996-ல் கேட்டுக்கொண்டது. கவசம் வந்த பிறகும் காயங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

மறுநாள் முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். பேட்டை, சுத்தமல்லி தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசானப் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. கோடகன் கால்வாய்ப் பாசனம். வாய்க்கால் நிறையத் தண்ணீர். முக்கூடலில் தெருவுக்குத் தெரு திண்ணையில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நனைத்த இலையைத் தகரத் துண்டின் அளவுக்கு வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி, நொடிக்கணக்கில் ஒன்று. மடியில் சுளகு. அதன் விளிம்பு வயிற்றில் அழுந்திக்கொண்டே இருக்கும்.

டாக்டர் சொல்லி அனுப்பிய அக்கா அங்கேதான் இருந்தார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆனவர். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும், அவ்வளவு மெலிவு. 'எங்க அம்மைக்கு அந்தக் காலத்துல வயித்தைக் கிழிச்சுச் செஞ்சாவ. மூணு மாசம் சுளகை மடில வைக்க முடியல. கடைக்காரரு இலை குடுக்க மாட்டேன்னுட்டாரு' என்றார். 'எனக்கு நாலு ஓட்டைதான் தம்பி. பத்து நாள்ல உக்காந்துட்டேன். மொதல்ல ஆயிரம் சுத்த முடியல, அஞ்சாறு நூறுதான். இப்பம் பழையபடி.' தொப்புளில் இருந்த தழும்பு தேடினாலும் தெரியவில்லை என்று சிரித்தார். முதல் துளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு அந்தத் துளை நல்லபடியாக முடிந்துவிட்டது.

ஆனால் இவர் போன்ற உடம்புதான் அந்த 2 சென்டிமீட்டர் உடம்பு. அதனால்தான் இவருக்கு டாக்டர் தொப்புள் வழியே ஊசி இறக்காமல் திறந்து பார்த்தே குழலை வைத்திருந்தார். பன்றி வயிற்றிலும், பருத்த உடம்புகள் மிகுந்த நாட்டின் நோயாளிகளிடமும் சோதித்துச் சரி என்று வரும் ஊசி, தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் சரிதான் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. புதிய ஊசியைச் செய்பவர்கள் தாண்டிப்போகும் தூரத்தைச் சராசரியாகக் காட்டினால் போதாது. மெலிந்த சுவரில், மிக மோசமாகப் போன குத்தில், எவ்வளவு தூரம் போனது என்று காட்ட வேண்டும். புதிய ஊசியில் மட்டும் காட்டினாலும் போதாது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் உலோக ஊசியைக் கழுவி, 121 அல்லது 134 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் ஊசி எப்போதும் கூராக இருக்கும். ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தொகை கட்டுப்பட்டிருக்கும்போது, ஒவ்வொரு ஊசியின் விலையும் அந்தத் தொகைக்குள்ளேயேதான் வர வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிக்கு அது சுமைதான். அதைக் குற்றமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. அந்த நிலைமையையும் சேர்த்துச் சோதிக்காத கருவியைப் பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொள்ளவும் தயாராக இல்லை.

திரும்பி வந்து இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் தியேட்டர் சிஸ்டரைக் கூப்பிட்டார். 'நம்ம ஊசியை எப்படிப் பாக்கோம்னு சாருக்குக் காட்டுங்க.' சிஸ்டர் காட்டினார். ஆபரேஷனுக்கு முன்னால் மழுங்கலை மேஜையில் அழுத்தி விடுகிறார். அது உடனே பாய வேண்டும். சலைனை ஏற்றிக் கண் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். கூரை ஒரு பழைய கையுறையின் மேல் வைத்து அழுத்துகிறார். வழுக்கினால் அந்த ஊசி தனி டப்பாவுக்குப் போய்விடும். ஊசி இறங்கிய பிறகு உறிஞ்சிப் பார்ப்பார்கள், ரத்தமோ மலமோ வரக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு ஏறத் தொடங்கியதும் மீட்டரில் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். சந்தேகம் வந்து ஊசியை அங்கும் இங்கும் ஆட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் டாக்டருக்குக் கோபம் வரும். சின்னத் துளை அப்போதுதான் பெரிய கிழிசலாகும் என்பார்.

தனி டப்பாவில் அப்படி ஒதுக்கிய ஊசிகள் சேர்ந்திருந்தன. அடுத்த மாதம் அவற்றையும் புது ஊசிகளையும் மரச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் டாக்டர்களிடம் போகப்போவதாகச் சொன்னார். 'அவங்க ஊசிகளையும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். ஃபோம் மட்டும் இந்தத் தடவை வேண்டாம்னு பாக்கேன், சென்சார் ஒண்ணு வாங்கணும். மதுரையில எஞ்சினியரிங் படிக்கிற நம்ம பையன் ஒருத்தன் செஞ்சு தாரேன்னு சொல்லுதான். ஆட்டுல கெடா வயிறு வேண்டாம், மெலிஞ்ச குட்டியா வாங்கணும்.'